ராயம்மாளின் இருமல்

இண்டூர் ராயம்மாளுக்கு விலாவுக்குக் கீழே நீளமாக அறுத்து, சிறுநீரகத்திலிருந்து நெல்லிக்காய் அளவு கல்லை எடுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தருமபுரித் தையல்காரி வஹிதா. அவளுக்கும் கல்தான், ஆனால் சின்னது. தானாகவே இறங்கி மூத்திரப்பைக்கு அருகில் வந்து சிக்கியிருந்தது. கீழ்வழியாக ஒரு கம்பியை விட்டு, அதன் நுனியிலிருந்த சின்னக் கூடையில் பிடித்து இழுத்துவிட்டார்கள். மறுநாளே எழுந்து வார்டைச் சுற்றி வந்தாள்.

ராயம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, அவளுக்குக் கம்பி, எனக்கு மட்டும் கத்திங்களா?"

"உங்க கல்லு மேலயே குந்திக்கிச்சு ராயம்மா. அத்தாம் பெருசு கூடையில அடங்காது. அது கெடக்கட்டும், நல்லா இருமுங்க. சளி தங்குனா நெஞ்சு கெட்டுடும்."

ராயம்மாள் இருமவில்லை. மூச்சை இழுத்தாலே தையல் பிடுங்கியது. நர்ஸ் கெஞ்சினாள். கணவர் சவரிமுத்து மாதாவிடம் வேண்டிக்கொண்டார். சாயங்காலம் உடம்பு சுட ஆரம்பித்தது. வஹிதாவுக்கே பயமாகிவிட்டது.

அப்போது அவள் கணவன் ஹயாத் பாஷா வந்தான். வஹிதாவிடம் சீசாவில் போட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்க்க ஆசைப்பட்டு மூடியைத் திறந்தான். மூக்கருகே கொண்டுபோனவன், தும்மினான். கல்லைக் காணோம்.

"ஐயோ, என் கல்லு!" என்றாள் வஹிதா.

பாஷா கட்டில் கட்டிலாகத் தவழ்ந்தான். கடைசியில் ராயம்மாளின் கட்டிலுக்கடியிலிருந்து தலை நீட்டினான்.

"கெடச்சிடுச்சி!"

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். "இது மத்தியானம் குடுத்த ரசத்து மொளகுங்க."

ராயம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அட மாதாவே, வலிக்குதே! அந்தாள வெளிய போகச் சொல்லுங்களேன்!" என்று விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு இருமலானது. வஹிதா ஓடிவந்து தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்தாள்.

"இருமுங்கக்கா, நான் புடிச்சிக்கிறேன்."

சளி கட்டிகட்டியாக வெளியே வந்தது. பிறகு தலையணையை அணைத்து இருமுவது பழகிவிட்டது, காய்ச்சலும் தணிந்தது.

வஹிதா அந்த வாரமே தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ராயம்மாளோ மார்கழி வரை குடம் தூக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இண்டூர் வந்த வஹிதா ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவந்தாள். நாடா இல்லை, இடுப்பில் அகலமாக, மெத்தென்ற பட்டி.

ராயம்மாள் உள்ளே போய் உடுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தழும்புல ஒரசவே இல்ல கண்ணு. உக்காரு, கோழி வெந்துக்கிட்டிருக்குது."