முயற்சி ஒன்று

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவனுக்குப் 'பஞ்சு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குரல் அப்படி. பத்து வருடம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்து, மூட்டை தூக்குகிறவர்களைக் கத்தியே வேலை வாங்கிய ஆள்; முப்பத்தெட்டு வயதில் வாத்தியாராகப் போகிறேன் என்று வந்து சேர்ந்தபோது பழைய குரலைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சார் பேசினால் தூக்கம் வருகிறது என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். வீட்டில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்?

கடைசிப் பருவத்தில் டிஜிட்டல் கருவிகள் என்று ஒரு தாள். ஒரு குழந்தையை டேப்லெட் முன்னால் உட்காரவைத்துப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கல்லூரி கொடுத்த செயலி இருவரையும் படம் பிடிக்கும். குழந்தை சரியாகத் தொட்டால் திரை பச்சையாகும், தப்பாகத் தொட்டால் சிவப்பாகி 'கொர்' என்று ஒரு சத்தம் போடும். பச்சை எத்தனை என்று பார்த்து, மதிப்பெண்ணை வாத்தியாருக்குப் போடும். இந்தத் தாளில் தேறினால்தான் சான்றிதழ், சான்றிதழ் வந்தால்தான் வேலை. கிடங்கு வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. தோற்றுவிட்டால் பழைய முதலாளியிடம் போய் நிற்க வேண்டும்.

அந்தச் செயலியை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மற்றவர்கள் தட்டுத்தடுமாறும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பதறாதீங்க, மெதுவா, ஒவ்வொண்ணா" என்பான். கையேட்டை மட்டும் அவன் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் கையேடு எதற்கு?

குழந்தைக்கு அலைய வேண்டியதில்லை, மகள் இருந்தாள். பதினொரு வயது. மனைவிக்கு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும் பிரிவில் வேலை, அன்று பகல் முறை. கதவைச் சாத்தினான், மேசை விளக்கைச் சரிசெய்தான், மகளுக்குத் தலை சீவிவிட்டான். பாடம் பின்னம். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?

மகள் நான்கில் ஒன்றைத் தொட்டாள். கொர்.

அவன் சிரித்துக்கொண்டே வட்டம் வரைந்தான், துண்டு போட்டான், பஞ்சுக் குரலில் விளக்கினான். அவள் தலையாட்டினாள். மறுபடி கேட்டான். அவளுக்கு மூளையில் ஒன்றும் ஏறவில்லை. அப்பா சிரித்தால் அடுத்து என்ன வரும் என்பதிலேயே அவள் கவனமெல்லாம் இருந்தது. நான்கு பெரிய எண்தானே என்று அதையே தொட்டாள். கொர். மூன்றாம் தடவையும் கொர்.

"உன்னால என் பொழப்பே போகுதுடி" என்றான். இது கிடங்குக் குரல். தலைமுடியைப் பிடித்து நெற்றியை மேசையில் ஒரு மோது மோதினான். அவள் தடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையை மேசையோடு சேர்த்து அமுக்கி, டேப்லெட்டை நிறுத்தி வைக்கிற இரும்புத் தாங்கியை எடுத்து, முன்கையில் ஓங்கிப் போட்டான். ஒரு தடவை போட்டதும் எலும்பு முறிந்துவிட்டது. கோபம் தீராமல் இரண்டாம் தடவையும் போட்டான். மகள் கத்தவில்லை. கத்தினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்கு எப்போதோ தெரிந்துபோயிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்தது.

அப்புறமாவது தூக்கிக்கொண்டு ஓடினானா? இல்லை. அந்தப் பாவி அவள் முகத்தைத் துடைத்துவிட்டான், பாவாடையை மாற்றச் சொன்னான், நெற்றி வீக்கத்தை முடியால் மறைத்தான். எந்தக் கேள்விக்கு எதைத் தொட வேண்டும் என்று முதலில் ஒப்பிக்கவைத்து, 'மீண்டும் தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தினான். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரலால் அவள் பதினைந்து நிமிடமும் தொட்டாள். எல்லாம் பச்சை. அதற்குப் பிறகுதான் மருத்துவமனை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னான்.

கட்டுப் போட்டது தாய்தான். கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுப் பக்கம் முறியும், இது முன்கையின் நடுவில் குறுக்கே முறிந்திருக்கிறதே என்று அவளுக்கு ஒரு கணம் பட்டது. தினமும் எலும்பைப் பார்க்கிறவளுக்குப் படாமல் இருக்குமா? எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்து இரண்டு தடவை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு மாவை நனைத்தாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அவளை மன்னிக்கத் தெரியவில்லை. ஆனால் அவள் முதுகில் என்னென்ன தழும்பு இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து வகுப்பில் பாடங்களைத் திரையில் போட்டார்கள். நல்லதை முதலில் பார்க்கலாம் என்று விரிவுரையாளர் பஞ்சு சாரின் பெயரைத் தொட்டார். செயலி எந்த முயற்சியையும் அழிப்பதில்லை. வாத்தியார் தன் தவறை எப்படித் திருத்திக்கொண்டார் என்று தெரிவதற்காகவே எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து அனுப்பும். கையேட்டின் முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. திரையில் 'முயற்சி ஒன்று' என்று வந்தது.

முப்பது பேர் பார்த்தார்கள். இரும்பு விழுந்த சத்தம் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை கேட்டது. முன் வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒரு அம்மாள், எல்லோருக்கும் கண்டக்டர் அக்கா, எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, செவிட்டில் ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இன்னொன்று வைத்தாள்.

அவன் கையை ஓங்கவில்லை. ரத்தத்தை நாக்கால் தடவிக்கொண்டு சிரித்தான்.

"நம்பிட்டீங்க பாத்தீங்களா, அக்கா. நடிப்பு அது. பாடம் எப்படி நடத்தக் கூடாதுன்னு முதல் முயற்சி, எப்படி நடத்தணும்னு ரெண்டாவது."

அறையில் பலபேர் மூச்சு விட்டார்கள். நம்பிவிட்டால் மதியச் சாப்பாடு இறங்கும் அல்லவா? கண்டக்டர் அக்கா மட்டும் சட்டையை விடவில்லை. விரிவுரையாளர் திரையை அணைத்தார். கடைசியில், மகளை நாளை காலை அழைத்து வாருங்கள், அவள் வாயால் சொல்லட்டும், தாயும் வரட்டும் என்றார். குழந்தை நடிப்பு என்று சொன்னால் சான்றிதழ். இல்லாவிட்டால் காவல் நிலையம்.

அன்று பிற்பகல், மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்கு முன், அவன் மகளுக்குப் பாடம் நடத்தினான். இந்தத் தடவை கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, ஒரு மர அளவுகோல் போதும். கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைக்கச் சொன்னான். நாளை சொல்ல வேண்டியதில் ஒரு வார்த்தை தவறினால் கட்டின்மேல் ஒரு தட்டு. வெளியே அடையாளம் தெரியாது, உள்ளே எலும்பு வரைக்கும் அதிரும். முதல் தடவை ஒன்பது தட்டு. அடுத்த தடவை நான்கு. மூன்றாம் தடவையில் ஒரு எழுத்து பிசகவில்லை. சொல்லிக்கொடுக்கிற விதத்தில் சொல்லிக்கொடுத்தால் இவளுக்கும் ஏறத்தான் செய்கிறது என்று அவனுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை முதல்வர் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் முதல்வரும் விரிவுரையாளரும், கல்லூரி அழைத்திருந்த காவல்துறைப் பெண் அதிகாரியும். எதிரே அவன், மகள், மனைவி. கண்டக்டர் அக்கா கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றாள். மனைவியிடம் அவன், ஏதோ நாடகப் பாடமாம், கையெழுத்துப் போட வரணுமாம் என்று மட்டும் சொல்லியிருந்தான். பஞ்சுக் குரலில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான்.

அதிகாரி குழந்தையிடம் குனிந்து, பயப்படாமல் நடந்ததைச் சொல்லு என்றார்.

மகள் எழுந்து நின்று, ஒரே மூச்சில் ஆரம்பித்தாள். "அது நடிப்பு. அப்பா என்னை அடிக்கலை. நானும் அப்பாவும் சேர்ந்து பழகிப் பார்த்தோம். கை குளியலறையில விழுந்து உடைஞ்சது. இங்க கொஞ்சம் சிரிக்கணும். எங்க அப்பா ரொம்ப நல்லவர். இதைச் சொல்லும்போது அம்மாவைப் பாக்கக் கூடாது."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார்.

அவனுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மகள் அந்த முகத்தைப் பார்த்தாள். எங்கேயோ தப்பு வந்துவிட்டது, எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தானாகவே எடுத்து அவன் முன்னால் மேசைமேல் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தட்டுங்கப்பா" என்றாள். "முதல்லேருந்து சொல்றேன்."

தாய் அந்தக் கையை மேசையிலிருந்து மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரி பக்கம் திரும்பி, "விழுந்தா அந்த இடத்துல உடையாதுங்க" என்றாள். "கட்டுப் போடும்போதே எனக்குத் தெரியும்."