துடைப்பம் தொடக்கூடாத நாள்

முற்றம் பெருக்கும் துடைப்பத்தை எடுத்த ஸ்லாவ்காவின் கையை அத்தை பராஸ்கேவா பிடித்துக்கொண்டாள். உள்ளே அப்பா நௌம் புது உடுப்பில் படுத்திருந்தார். நாளை மூன்று மணிக்குத்தான் எடுப்பார்கள். அதுவரை வீட்டிலும் முற்றத்திலும் ஒரு தூசியைக்கூடப் பெருக்கக்கூடாது. ஓஹ்ரித் ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

“நீ பெருக்கினா அவனோட இன்னொருத்தரையும் சேத்துப் பெருக்கிடுவ. வயசுப்படி பாத்தா அடுத்தது நான்தான்” என்றாள் அத்தை.

ஸ்லாவ்காவுக்கு மரத்தின் கவலை. முற்றத்துச் செஸ்நட் மரத்தின் இலைக்குள்ளேயே சுரங்கம் வெட்டித் தின்னும் புழு ஒன்று உண்டு. ஜூலை முடிவதற்குள் மரமே கருகி நிற்கும். உதிர்ந்த சருகுக்குள் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு, ஏப்ரல் வெயில் பட்டதும் பூச்சியாகிப் பறக்கும். அதற்காகவே இருபது வருடமாக அப்பா சருகைக் கூட்டி எரித்தார். போன இலையுதிர்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை; சருகு அப்படியே கிடக்க, ஏப்ரலும் பிறந்துவிட்டது. இன்னொரு கோடை கருகினால் மரத்தை வெட்டிவிடுவோம் என்று நகராட்சியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது.

நேற்று நினைவு தப்பும் முன் அவர் பாதிரியாரைக் கேட்கவில்லை. சருகை எரித்தாயா என்றுதான் கேட்டார். எரித்துவிட்டேன் என்றாள் ஸ்லாவ்கா. அந்தப் பொய் இப்போது நெஞ்சை அறுத்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, மண்டியிட்டுச் சருகைக் கையால் பொறுக்க ஆரம்பித்தாள். கையைத் துடைப்பம் என்று யாரும் சொல்ல முடியாதே. அத்தை வாசலில் நின்று முணுமுணுத்தாள்.

அடிமரத்தில் அப்பாவின் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்தத் தாளின் ஓரத்தில் என்னவோ அசைந்தது. அந்தப் புழுவிலிருந்து வந்த பூச்சி. அரிசியைவிடச் சின்னது, செம்பு நிறச் சிறகில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். இத்தனை வருடம் அதன் அட்டகாசத்தைத்தான் பார்த்திருக்கிறாள், அதைப் பார்த்ததில்லை. இவ்வளவு அழகு என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மூக்கு தாளில் இடிக்கும்வரை குனிந்து, அதன் மீசையைக்கூட விடாமல் பார்த்தாள். பிறகுதான் விரலை நீட்டினாள்.

“தொடாதடி” என்றாள் பின்னால் வந்து நின்ற அத்தை. “செத்தவங்க உசிரு நாப்பது நாள் பூச்சியா சுத்தும். உங்கப்பனா இருந்தா?”

“அப்பாவா இருந்தா சருக பாத்துருப்பாரு. எரிச்சிட்டேன்னு அவருகிட்ட பொய் சொல்லிருக்கேன் அத்தை.”

அத்தை தாளில் சிரிக்கும் தம்பியின் படத்தையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டைவிரலைப் பூச்சிமேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். செம்புப் பொடி ஒட்டிய அதே கையால் சிலுவை போட்டுக்கொண்டு, கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகி, சருகுக்குள் மண்டியிட்டாள்.