இடது முன்சக்கரம்

அந்த மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் 'ஒருதடவை' என்று பெயர். வைத்தவர் அவனுடைய அண்ணன். "என் தம்பி ஒரு தடவை கை வச்சா, மறு தடவை திறக்கவே வேணாம்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அளந்துவிடுவார். தம்பியும் லேசுப்பட்டவனில்லை. முடித்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்றே காலத்தை ஓட்டினான். புகழ்ச்சிக்கு மயங்காத மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை.

அந்த அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. மழை பெய்த ஒரு காலையில், அவருடைய பழைய கார் வளைவில் வலப்பக்கமாக ஒதுங்கிப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. வண்டிக்கு மட்கார்டு நசுங்கியதோடு சரி. அந்தக் காலத்துக் காரில் பெல்ட் ஏது? அண்ணனின் மார்பு ஸ்டீயரிங்கில் அடிபட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஈரச் சாலையில் அதிக வேகம் என்று விசாரித்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். வண்டி அன்றிலிருந்து வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

போன வாரம் அண்ணி அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கடையில் நிறுத்தினாள். மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஓட்டினால் அப்பா கார்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"ஓட்டட்டும் தம்பி. ஆனா இந்த டிரம் பிரேக்கோட விடமாட்டேன். முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் போட்டுக் குடுங்க" என்றாள். பிறகு நசுங்கிய மட்கார்டைத் தடவியபடி, எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "அன்னிக்குக் காலையில நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். சண்டை போட்டு அனுப்பிட்டேன். அந்தக் கோவத்துலதான் விரட்டியிருக்காரு."

ஆறு வருடமாக அவள் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு இது. என்ன சண்டை என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "விடுங்க அண்ணி" என்பான். அன்றும் அதையேதான் சொன்னான்.

வலது சக்கரம் பாடாய்ப்படுத்தியது. துருவேறி ஒட்டிக்கிடந்த டிரம்மை எண்ணெய் விட்டு, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, கெஞ்சாத குறையாகக் கழற்றினான். உள்ளே இருந்த பிரேக் ஷூக்களைச் சாக்கில் போட்டான். கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் காட்டித்தான் கொடுப்பது என்பது கடை வழக்கம். பளபளவென்ற டிஸ்க் தட்டை மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, முக்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இடது டிரம் வெளியே வந்ததும் அவன் கை நின்றது.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷூ. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் பட்டை ஒன்றில் குட்டை, மற்றதில் நீளம். குட்டையானது வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வலது சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் வண்டியின் முன்பக்கம் நம் வலக்கைப் பக்கம் வரும்; இடது சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் இடக்கைப் பக்கம். இங்கேயோ குட்டை ஷூ வலக்கைப் பக்கம் இருந்தது. முதல் சக்கரத்தை முடித்த எவனோ, அதே கைப்பழக்கத்தில் இதையும் மாட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

எவனோ என்ன எவனோ! அண்ணன் இறப்பதற்கு நாலு நாள் முன்பு புது ஷூ போட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு யாரும் இதைத் திறக்கவில்லை. அண்ணன் டீ கிளாஸோடு பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்ததும், "நாப்பது நிமிஷம்! ரெண்டு சக்கரமும் முடிஞ்சுது!" என்று எதிர் டயர்க் கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தியதும் ஞாபகம் வந்தது.

இடது சக்கரம் அரைகுறையாகப் பிடித்திருக்கும். வண்டி வலப்பக்கம் இழுத்திருக்கும். காய்ந்த சாலையில் ஸ்டீயரிங்கை ஒடித்துச் சமாளித்துவிடலாம்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டால் போதும். பிறகு இரண்டும் சாக்கில் கிடக்கும் பழைய ஷூக்கள்தான். எது எந்தப் பக்கம் இருந்தது என்று அவை வாய் திறந்து சொல்லப்போவதில்லை. குறட்டைக் கையில் எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். செய்யாத தப்புக்கு ஆறு வருடமாகத் தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முகம் வந்து நின்றது. குறட்டைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

அண்ணி ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடியே வந்தாள். அவன் எதையும் பூசி மெழுகவில்லை. கையால் தொட்டுக் காட்டிச் சொன்னான்.

"உங்க சண்டையினால இல்ல அண்ணி. என்னாலதான்."

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படி இருந்தா எந்தப் பக்கம் இழுக்கும்?"

"வலப்பக்கம்."

"வலப்பக்கம்தான்" என்றாள் அவள். "முந்தின நாள் நான் ஓட்டுனேன். பிரேக் போட்டாலே வலப்பக்கம் இழுக்குது, வேற கடையில காட்டுங்கன்னு காலையில சொன்னேன். அதுக்குத்தான் சண்டை."

சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் தொடர்ந்தாள்.

"'என் தம்பி கை வச்ச வண்டி இழுக்காது, ரோடு சாய்வா இருந்திருக்கும்'னு சொல்லிட்டு, சாப்பிடாமக்கூடக் கிளம்பிட்டாரு. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் இத்தனை வருஷமா சொல்லல. அவரே அடிச்சுச் சொன்னதால நானும் நம்பிட்டேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பொண்ணு ஓட்டப் போற வண்டி. வேற கடையில காட்டிக்கிறேன்."

அவன் தலையாட்டினான்.

"எனக்கு யாரையும் தெரியாது. நல்ல ஆளா நீங்களே சொல்லுங்க."

"ரயில்வே கேட் தாண்டி ஒருத்தர் இருக்காரு அண்ணி. ரொம்ப மெதுவா வேலை செய்வாரு, ரெண்டு நாள் ஆகும்" என்றான். "ஆனா ஒரு சக்கரம் முடிஞ்சதும் எழுந்து சுத்தி வந்து பார்த்துட்டுத்தான் அடுத்ததுல கை வைப்பாரு."

வண்டியை ஏற்றிப் போக லாரிக்கும் அவனே போன் செய்தான்.