சட்டைக்குள் உடைந்த பச்சை வளையல்

குழிக்குள் இறங்குமுன் பெண்கள் கண்ணாடி வளையலைக் கழற்றிவிட வேண்டும் என்பது அகழாய்வை நடத்தும் கவியா மேடத்தின் சட்டம். மீன்சுருட்டிப் பக்கம் சோழர் காலத்து மண்ணைச் சுரண்டும் அந்த வேலையில் மற்ற பெண்கள் கழற்றிச் சோற்றுப்பையில் போட்டார்கள். வேணி மட்டும் முழுக்கைச் சட்டைக்குள் மேலே ஏற்றி ஒளித்துக்கொண்டாள். போர்வெல் லாரியோடு வடக்கே போன புருசன் தங்கசாமியின் போன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அணைந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் வெறுங்கையோடு நிற்பதா?

மதியம் மண் கூடையைத் தூக்கும்போது சட்டைக்குள் சடக்கென்றது. விழுந்த துண்டுகளைப் பதறிப் பொறுக்கினாள். சேர்த்துப் பார்த்தால் வட்டத்தில் ஒரு விரற்கடை குறைந்தது. அந்தத் துண்டு சல்லடைக்குப் போன மண்ணோடு போயிருக்க வேண்டும். மேலே ஓடினாள். அதற்குள் கவியா அதைக் கழுவி, மண்ணில் கிடைத்த பழைய வளையல் துண்டுகளோடு தட்டில் போட்டுக் கலந்திருந்தாள்.

"இன்னிக்கும் ஒரு பச்சை கெடச்சிருக்குக்கா! இத்தன நூறு வருசம் மண்ணுல கெடந்தும் நிறம் போகல. இதயெல்லாம் வச்சுத்தான் இந்த மண்ணு எந்தக் காலம்னு எழுதப்போறேன்."

வேணி தன் துண்டுகளை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. வளையல் உடைந்தது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டுமே! சொல்லாவிட்டால் இந்தப் பெண், பாவம், நம்பி எழுதிவிடுவாள். பாழாய்ப்போன வாய் சும்மா இருந்தால்தானே.

"மேடம், அது என்னுதுங்க. இப்பத்தான் ஒடஞ்சுது."

கவியாவின் முகம் சுண்டிப்போனது. "எத்தன நாளா இப்டி மறைச்சுப் போட்டுட்டு எறங்குறீங்க? அப்ப இந்த வாரம் கெடச்சதெல்லாம்?"

"சாமி சத்தியமா இது ஒண்ணுதாங்க."

"எதுன்னு எடுத்துக் குடுங்க."

தட்டில் பச்சை, நீலம், கறுப்பு. சிலவற்றில், வெகுகாலம் மண்ணில் கிடந்ததால், மேல்தோல் உரிந்து மினுமினுத்தது. பச்சையே நாலைந்து கிடந்தன. எல்லாம் எவளோ ஒருத்தியின் கையில் உடைந்தவைதான். அவளுக்கும் அன்று இப்படித்தான் பதறியிருக்கும். வெளியே போனவன் திரும்பி வந்தானா? கவியா எழுதப்போவதில் அது இருக்காது.

வேணி தன் துண்டுகளைத் தட்டோரம் வைத்து, ஒவ்வொரு பச்சையாக எடுத்து முனையோடு முனை சேர்த்தாள். முதல் துண்டு சேரவில்லை. அடுத்தது, தோல் உரிந்து மினுமினுத்த பழைய துண்டு, கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது; உடைந்த வட்டம் மறுபடி முழுசானது போலிருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குக் கை வரவில்லை.