வாயில் ஒட்டிய அக்கரம்

தாவீதின் நாக்கில் வெள்ளை படர்ந்திருந்ததைப் பார்த்து அவன் மனைவி ஞானபூரணத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பால்குடிப் பிள்ளைகளுக்கு வாயில் வருமே, அதே அக்கரம். எழுத்துக்கும் அக்கரம் என்றுதான் பேர்.

"நாப்பத்தேழு வயசுல அக்கரம் படிக்கப் போனிய. அது வாயிலயே வந்து உக்காந்துக்கிட்டு!"

தாவீது சிரிக்கவில்லை. முப்பது வருஷம் விசைத்தறியில் நின்றவன். பஞ்சுத்தூசி நெஞ்சை அடைக்க, ஒரு மாதமாக இன்ஹேலர் இழுக்கிறான். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற அவனை, அடுத்த வாரம் ஞாயிறு சர்ச்சில் வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருந்தார் போதகர். மைக்கில், ஊரே கேட்க. இப்போது 'ழ' சொல்ல நாக்கை மடித்தால் உயிர் போகிறது.

தறியில் பிசிறு பிடுங்கிய கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். வெள்ளை உரிந்து ரத்தம் கசிந்தது. மறுநாள் மறுபடி வெள்ளை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து எழுதினார். விளக்கிச் சொன்னவள் நர்ஸ் ஜஸீமா.

"இது ஈஸ்ட்டு அண்ணாச்சி, ஒரு பூஞ்சை. எல்லார் வாயிலயும் கொஞ்சம் கெடக்கும். எச்சில் அடிச்சிட்டுப் போயிரும். இன்ஹேலர் மருந்து வாயில படிஞ்சா அங்கன எதிர்ப்பு கொறைஞ்சிரும். அப்போ பசை மாதிரி ஒட்டி, நூல் நூலா வளந்து சதைக்குள்ள எறங்கும். அதான் சுரண்டுனா ரத்தம் வருது."

"என் வாயிலயும் ஒரு தறி ஓடுதுன்னு சொல்லு தாயி."

"நிறுத்திருவோம். இழுத்ததும் கொப்பளிச்சுத் துப்புனீயளா?"

"துப்பத்தான் சொன்னாவ. மருந்து வீணாப் போயிருமேன்னு முழுங்கிட்டேன்."

"நெஞ்சுக்குப் போனாத்தான் மருந்து. வாயில தங்குனா வினை." அவள் ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். "வீட்ல யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க."

தாவீது நிமிர்ந்து உட்கார்ந்தான். நாக்கு எரிய எரிய, எழுத்துக் கூட்டி, அங்கேயே வாசித்தான். "தினம் நான்கு வேளை தடவவும். வலி குறைந்தாலும் நிறுத்தக் கூடாது."

ஜஸீமா பேனாவை மூடினாள்.

தாவீது மருந்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை இழுத்ததும் கொப்பளித்தான். பத்தாம் நாள் ஞாயிறு. மைக்கில் ஓரிடத்தில் தடுக்கியது. நின்று, திரும்ப வாசித்தான். 'ழ' வந்த இடமெல்லாம் நாக்கு வலிக்காமல் மடிந்தது.

சர்ச் வாசலில் ஞானபூரணம், பக்கத்துப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாய்க் கேட்டாள்: "என்ன, அக்கரம் போயிட்டா?"

"வாயில உள்ளது போயிட்டு, ஏட்டி. மண்டையில உள்ளது ஒட்டிப் பிடிச்சிட்டு. இனி எந்த மருந்துக்கும் போவாது."