அழப் பழகிய பிள்ளை

குழந்தை அழவேண்டும் என்று மூடிய கதவுக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டிருந்தாள் தையல்காரி. பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது? உள்ளே அவள் பையனோ, வந்திருந்த ஆபீசரம்மாவின் மடியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

பிரிந்துபோன புருஷன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தான். தாயிடம் பிள்ளைக்கு ஒட்டுதல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல கோர்ட்டு அனுப்பியவள் இந்த ஆபீசரம்மா. கெட்டவள் இல்லை, புத்தகத்தில் படித்ததை அப்படியே நம்புகிறவள், அவ்வளவுதான். அம்மா எழுந்து போனால் பிள்ளை அழவேண்டும், புது ஆள் தூக்கினால் மிரளவேண்டும். இவன் இரண்டையும் செய்யவில்லை. இன்னொரு முறை வருவதாகச் சொன்னாள். அப்போதும் இப்படியே இருந்தால் தகப்பன் பக்கம்தான் எழுதவேண்டி வரும் என்றாள்.

அவன் எப்படி அழுவான்? தையல்காரி கம்பெனிக்குப் போனால் அந்த வரிசை வீடுகள் முழுக்க அவனுக்கு வீடு. மாடிவீட்டு அக்கா குளிப்பாட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையின் கிண்ணத்திலேயே இவனுக்கும் ஊட்டுவாள். மத்தியானத் தூக்கம் இஸ்திரிக்காரர் மடியில். இடுப்பு மாறி இடுப்பு மாறி வளர்ந்தவனுக்குப் புது ஆள் என்றால் இன்னொரு இடுப்பு. அது குறையாம்!

இனி யாரும் அவனைத் தூக்குவதில்லை என்று முடிவாயிற்று. யோசனை மாடிவீட்டு அக்காவுடையது. முதலில் அழுததும் அவள்தான். தையல்காரி லீவு போட்டுவிட்டு அவனோடு வீட்டிலேயே கிடந்தாள். ஒருநாள் தவழ்ந்துபோய்க் காலைப் பிடித்தவனைக் கவனிக்காததுபோல் இஸ்திரிக்காரர் சட்டையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். பிள்ளை முதலில் விழித்தான், பிறகு சிணுங்கினான், பிறகு யாரிடமும் கை நீட்டுவதை விட்டுவிட்டான். தாயின் கழுத்தை மட்டும் விடவில்லை.

ஆபீசரம்மா மறுபடி வந்தாள். கதவு மூடியதும் அவன் வீறிட்ட வீறிடலில் வரிசையே கூடிவிட்டது. ஆபீசரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. தாயைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்தாள். சோதனைதான் முடிந்துவிட்டதே என்று இஸ்திரிக்காரர் வாசலிலிருந்து ஆசையாக இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடா குண்டு."

பிள்ளை அலறிக்கொண்டு தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தான்.

"பாத்தீங்களா, வேத்து மனுஷங்ககிட்ட போகமாட்டேங்கறான். நல்ல அறிகுறிம்மா. இனிமே கவலையில்ல," என்றாள் ஆபீசரம்மா.

பேசாதே என்று பின்னாலிருந்து மாடிவீட்டு அக்கா கண்ணைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தையல்காரியால் முடியவில்லை.

"அவரு வேத்து மனுஷர் இல்லீங்க. இவன் உக்காரக் கத்துக்கிட்டதே அவர் மடியிலதான். நீங்க நல்லா எழுதணும்னு நாங்கதான் அவர வேத்து மனுஷரா ஆக்கினோம். இதையும் சேத்து எழுதிக்குங்க."

நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்திரிக்காரர் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தான், புத்தகத்தில் போட்டிருந்தபடியே.