பாலத்தை அணையாக எண்ணிய வரைபடம்

புதிய மருத்துவமனைக்கு ஆற்றையொட்டிய சமவெளியைத் தேர்ந்தெடுத்தவள் அதை வடிவமைத்த பொறியாளர்தான். கட்டடத்தின் வரைபடங்கள் முடிந்து, சுருட்டியும் வைக்கப்பட்டுவிட்டன. வெள்ளம் அந்த நிலத்தைத் தொடாது என்று அவளுடைய அண்ணி கையொப்பமிட வேண்டியது ஒன்றே பாக்கி. அண்ணி, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு ஆற்றின் வடிநிலம் முழுவதையும் வரைபடமாக்குபவர். குழம்பில் உப்புப் போட்டோமா என்பதை மறப்பார், மலைச்சரிவில் மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை மறக்கமாட்டார்.

திரையில் சமவெளி பச்சையாக, ஆபத்தற்றதாகத் தெரிந்தது. மலையிலிருந்து இறங்கிய ஓடை ஒன்று நெடுஞ்சாலைவரை வந்து, அங்கே திரும்பி, சாலையோரமாகவே போய் ஆற்றில் கலந்தது. பொறியாளருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அண்ணியோ பேனாவைத் திறக்கவில்லை.

“ஏம்மா, சாலையைப் பாத்ததும் ஓடை இவ்வளவு ஒழுங்கா ஓரமாத் திரும்புதே, போலீஸ்காரர் யாராவது கை காட்டினாரா?”

“தண்ணிக்காவது சாலை விதி தெரியுதேன்னு சந்தோஷப்படுங்க அண்ணி. கையெழுத்தப் போடுங்க.”

அண்ணி சிரித்தார், கையெழுத்துப் போடவில்லை. வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். திருப்பத்தில் ஒரு பாலம் இருந்தது. செயற்கைக்கோள் மேலிருந்து பாலத்தின் முதுகைத்தான் அளந்திருந்தது. அடியிலுள்ள திறப்பு அதற்குத் தெரியாது. ஆகவே கணினி பாலத்தை அணையென்று எண்ணி நீரைத் திருப்பிவிட்டிருந்தது. தொடக்கத்திலேயே பாலத்தை நீக்கி வழிவிட்டிருக்க வேண்டியவர் தாம்தான் என்று அண்ணி மழுப்பாமல் சொன்னார். பிறகு தரவில் பாலத்தை அறுத்துவிட்டுக் கணக்கை மீண்டும் ஓடவிட்டார்.

ஓடையைக் காட்டிய நீல இழை பாலத்தைக் கடந்து நேரே இறங்கி, பிரசவப் பகுதிக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தின் நடுவே ஓடியது. சென்ற மழைக்காலத்து ரேடார் படத்தை அதன்மேல் பொருத்தியபோது, அதே தடத்தில் தேங்கிய நீர் கறுப்பாகப் படர்ந்திருந்தது.

மாதக்கணக்கில் உழைத்து வரைந்த கட்டடம் பொறியாளரின் கண்ணெதிரே நனைந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவளால் திரையைவிட்டுப் பார்வையை எடுக்க முடியவில்லை. அத்தனை உயரத்திலிருந்து பார்த்த கண் தவறவிட்டதை, நாற்காலியைவிட்டு எழாமலே அண்ணி பிடித்துவிட்டார்.

“கோவமாம்மா?”

“கோவந்தான். இத்தனை அழகாக் கண்டுபிடிச்சவங்கள எப்படித் திட்டுறதுன்னு கோவம். சரி, மேடு எங்க இருக்கு, காட்டுங்க.”

அண்ணி படத்தை மேற்கே நகர்த்தினார். ஆறு என்றோ விட்டுப்போன பழைய கரை, படிபோல் உயர்ந்து பச்சையாக நின்றது. பொறியாளர் சுருளை விரித்து, திருப்பிப் போட்டு, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் புதிய சுவரின் முதல் கோட்டை இழுத்தாள்.